சுவரிலிருந்து எடுத்த ஐந்து நிறங்கள்

நமக்குத் தெரிந்த கடலோரப் பங்கு ஒன்றில் ஆலயத்திற்குப் புதிதாக வண்ணம் பூசுவது பற்றிப் பங்குப் பேரவை கூடிப் பேசியது. விருந்தினராய்ச் சென்ற நாமும் ஒரு மூலையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பழைய ஆலயத்தின் முகப்பு நல்ல நீலம். தூண்கள் ரோசா நிறம். சாளரங்களைச் சுற்றி மஞ்சள் விளிம்பு. இவை கண்ணை உறுத்துகின்றன, வெளியூரிலிருந்து வருவோர் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது படித்தவர் சிலரின் வாதம். முதியோர் மறுப்புச் சொல்லவில்லை, ஒப்புதலும் சொல்லவில்லை. அப்போது இளைஞர் ஒருவர் எழுந்து தம் கைப்பேசியில் ஐந்து சிறு கட்டங்களைக் காட்டினார். மங்கிய மஞ்சள், செங்கல்லை ஒத்த சிவப்பு, வெளிர் நீலம், அடங்கிய பச்சை, பாலேடு போன்ற வெண்மை. அயல்நாட்டுத் தெருச்சுவர் ஓவியம் ஒன்றின் படத்தைக் கணினிச் செயலியிடம் கொடுத்தால், அதிலுள்ள நிறங்களையெல்லாம் எண்ணிப் பார்த்து இப்படி ஐந்தாகச் சுருக்கித் தருமாம். கட்டங்கள் அழகாகவே இருந்தன. அவை எந்தச் சுவரிலிருந்து வந்தன என்று கேட்டோம். இத்தாலியில் பீசா நகரம் என்றார்.

அந்தப் பதில்தான் இக்கட்டுரைக்குக் காரணம். ஆரவாரமான தெரு ஓவியத்திலிருந்து சில நிறங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சிக்கனமான வண்ணத் தொகுதி ஒன்றை அமைப்பது இன்று பரவலாகிவிட்ட வழக்கம். வீட்டுச் சுவருக்கும் நூலட்டைக்கும் ஆடைக்கும் இவ்வாறு நிறம் தேடுகிறார்கள். இதில் தவறு ஏதும் உண்டா? சுருக்குவதில் நாம் எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம்? பீசாச் சுவரையே சான்றாகக் கொண்டு இதை ஆராயலாம் என்று எண்ணுகிறோம். அச்சுவரை நாம் நேரில் கண்டதில்லை. நிழற்படங்கள் வழியாகவே அறிவோம். ஆயினும் அதன் வரலாறு நம் கேள்விக்கு மிக நெருக்கமானது.

பீசாவில் வனத்து அந்தோனியார் ஆலயத்தை ஒட்டி, மரியாளின் ஊழியர் சபைத் துறவியரின் மடம் ஒன்று உண்டு. அதன் பின்புறச் சுவரில் 1989 சூன் மாதம் அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் வரைந்த ஓவியத்திற்குத் ‘துத்தோமோந்தோ’ என்று பெயர். உலகம் முழுவதும் என்பது அதன் பொருள். ஏறத்தாழ 180 சதுர மீட்டர் பரப்பில் முப்பது உருவங்கள் ஒன்றையொன்று நெருக்கியும் தாங்கியும் ஆடியும் நிறைந்திருக்கின்றன. குழந்தையைக் கையிலேந்திய தாய் ஒருத்தி இருக்கிறாள். இருவர் ஓங்கிலைத் தூக்கிச் செல்கின்றனர். வேறு இருவர் கத்தரிக்கோலின் இரு அலகுகளாய் இணைந்து பாம்பை வெட்டுகின்றனர். நடுவே நான்கு உருவங்கள் இடையில் ஒன்றுபட்டுச் சிலுவை வடிவாய் நிற்கின்றன.

இதை வரைந்தவர் 1958ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க் நகரின் சுரங்க இரயில் நிலையங்களில் காலாவதியான விளம்பரங்களின் மேல் ஒட்டப்பட்ட கருந்தாளில் வெண்சுண்ணக் கட்டியால் வரைந்து பெயர் பெற்றவர். 1980 முதல் ஐந்தாண்டுக் காலம் அவர் இவ்வாறு வரைந்தார். இதற்காகப் பலமுறை கைது செய்யப்பட்டார். பின்னர் கண்ணைப் பறிக்கும் நிறங்களுக்கு மாறி உலகப் புகழ் அடைந்தார். பீசாவுக்கு அவர் வந்ததும் தெருவின் வழியாகவே. அந்நகரத்து மாணவர் ஒருவர் நியூயார்க்கில் அவரைத் தற்செயலாகச் சந்தித்துப் பேசியதிலிருந்து இந்த ஓவியத்தின் வரலாறு தொடங்குகிறது. சுவரில் அவர் கைவைத்தபோது எய்ட்ஸ் நோய் அவருக்கு உறுதி செய்யப்பட்டிருந்தது. தன்பால் ஈர்ப்புடையவர் என்பதையும் அவர் மறைத்ததில்லை. அந்நாளில் இவ்விரண்டில் ஒன்றே ஒருவரை ஊர் ஒதுக்குவதற்குப் போதுமானதாயிருந்தது. அப்படிப்பட்டவருக்குத் துறவியர் வாழும் மடத்தின் சுவர் கிடைத்ததை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

இனி இளைஞர் காட்டிய ஐந்து கட்டங்களுக்கு வருவோம். அவற்றில் பொய் ஏதும் இல்லை. ஆனால் சுவரில் இருந்த சில இன்றியமையாதவை அவற்றில் இல்லை.

முதலாவது, அளவு. ஐந்து கட்டங்களும் ஒரே பரப்புடையவை. சுவரிலோ எந்த நிறமும் மற்றொன்றுக்குச் சம அளவில் இல்லை. ஒரு நிறம் அங்கே எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது, எத்தனை முறை திரும்பி வருகிறது என்பதே அதற்குப் பொருள் தருகிறது. கறியில் உப்பும் புளியும் சம எடையில் சேர்வதில்லை என்பதை அறிந்த நாம், நிறத்தில் மட்டும் இதை மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, அண்டை. செருமனியில் பிறந்து அமெரிக்காவில் ஆசிரியப் பணியாற்றிய ஜோசப் ஆல்பர்ஸ் 1963இல் வெளியிட்ட நிறங்களின் உறவு பற்றிய நூலில் இதனைப் பயிற்சிகள் மூலம் விளக்கியிருக்கிறார். ஒரே சாம்பல் நிறத்தாளின் ஒரு துண்டைக் கருப்பின் மேலும் மற்றொன்றை வெள்ளையின் மேலும் வைத்தால் இரண்டும் வெவ்வேறு சாம்பலாகத் தோன்றும். நிறம் தனித்து வாழ்வதில்லை. அடுத்திருப்பதைப் பொறுத்தே அது பிரகாசிக்கிறது அல்லது மங்குகிறது. அண்டையிலிருந்து பிடுங்கி எடுத்த நிறம் பெயரளவில் அதே நிறம், கண்ணுக்கு வேறு.

மூன்றாவதுதான் நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. அந்த ஐந்தில் கருப்பு இல்லை. ஹேரிங்கின் ஓவியத்தில் ஒவ்வோர் உருவத்தையும் தடித்த கருங்கோடு சூழ்ந்திருக்கிறது. பீசாவிலும் முன்வரைவு ஏதுமின்றி அவர் முதலில் தீட்டியது அந்தக் கோட்டைத்தான். நிறங்கள் பின்னர் உதவியாளர்களின் துணையோடு நிரப்பப்பட்டன. கோடு சிறிதளவு பரப்பையே பிடிப்பதால் எண்ணிக் கணக்கிடும் கருவிக்கு அது பொருட்டாகத் தெரிவதில்லை. ஆனால் அக்கோட்டை எடுத்துவிட்டால் தாயும் குழந்தையும் இல்லை, கத்தரிக்கோலும் பாம்பும் இல்லை. வெறும் வண்ணத் திட்டுகளே எஞ்சும். நிறங்களின் வரிசையில் இடம் பெறாத ஒன்றே எல்லா நிறங்களையும் தாங்கி நின்றது.

இதனால் நிறங்களைச் சுருக்குவதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. ஹேரிங் தாமே ஆண்டுக்கு ஆண்டு சுருக்கிக்கொண்டு போனவர். அவர் எதற்காகச் சுருக்கினார் என்பதே நாம் கற்க வேண்டியது.

1986இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் நெடுஞ்சாலை ஓரம் இருந்த கைப்பந்து மைதானச் சுவரில் அவர் அனுமதி பெறாமல் ஓவியம் ஒன்றை வரைந்தார். ‘கிராக்’ என்னும் போதைப்பொருளுக்கு எதிரான எச்சரிக்கை அது. தம் உதவியாளர் ஒருவர் அதற்கு அடிமையாகி அல்லலுற்றதைக் கண்ட வேதனையே அதற்குத் தூண்டுதல். பின்னணி முழுவதும் ஆரஞ்சு நிறம். விரைந்து செல்லும் வண்டிகளிலிருந்தும் தெரிய வேண்டுமல்லவா? அனுமதியின்றி வரைந்ததற்காக அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. முதல் ஓவியத்தைச் சிலர் சிதைத்தனர். பிறகு நகரத்தார் அதன்மேல் சாம்பல் நிறத்தைப் பூசி மறைத்தனர். அவ்வாண்டே அவர் அனுமதியோடு மீண்டும் அங்கே வரைந்தார். இங்கே இரு வகைச் சிக்கனம் எதிரெதிரே நிற்பதைக் காண்கிறோம். ஆரஞ்சும் கருப்பும் ஒரு சிக்கனம். சாம்பலும் ஒரு சிக்கனம். முன்னது சொல்ல வேண்டிய ஒன்றுக்காக மற்றவற்றைத் துறந்தது. பின்னது எதுவும் சொல்லாதிருப்பதற்காக எல்லாவற்றையும் மூடியது.

அதே ஆண்டு அக்டோபரில் அவர் பெர்லின் மதிற்சுவரில் ஏறத்தாழ நூறு மீட்டர் நீளத்திற்கு வரைந்தார். மஞ்சள் பின்னணியில் சிவப்பும் கருப்புமாய்க் கைகால் கோத்த மனித உருவங்களின் சங்கிலி அது. மூன்றே நிறங்கள். அவை அன்று பிரிந்து கிடந்த இரு செருமனிகளின் கொடிகளுக்கும் பொதுவான நிறங்கள். சுவர் பிரித்ததைச் சுவரின் மேலேயே நிறம் சேர்த்தது. அந்த ஓவியம் நெடுநாள் நிலைக்கவில்லை; பிறர் அதன்மேல் வரைந்துவிட்டனர். 1989 நவம்பரில் அந்த மதிலே திறக்கப்பட்டது.

1989 பிப்ரவரியில் ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனாவில், போதை ஊசியால் சீரழிந்த ஏழைக் குடியிருப்பு ஒன்றின் சுவரில் அவர் ஒரே நிறத்தால் வரைந்தார். குருதியை நினைவூட்டும் சிவப்பு அது. எல்லோரும் சேர்ந்தால் எய்ட்ஸைத் தடுத்து நிறுத்தலாம் என்பது அச்சுவரின் செய்தி. ஊசியால் நோய் பரவிய தெருவில் அதைவிடப் பொருத்தமான நிறம் வேறில்லை. அச்சுவர் இன்று இல்லை; அதன் படியெடுப்பைக் கொண்டு 2014இல் அதே நகரில் வேறோர் இடத்தில் அது மீண்டும் தீட்டப்பட்டது.

மூன்று இடங்களிலும் நிறங்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் அவை யாருக்காகத் தீட்டப்பட்டனவோ அம்மக்களுடன் அவற்றுக்குள்ள உறவு குறையவில்லை, நெருங்கியது. சாலையில் விரைவோனின் கண், பிரிந்த நாட்டின் கொடி, நோயுற்ற தெருவின் குருதி என்று ஒவ்வொன்றும் அந்தந்த இடத்திலிருந்தே எடுக்கப்பட்டது.

இந்த வரிசையில் பீசாவை வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அங்கே அவர் தம் வழக்கமான உரத்த நிறங்களைக் கைவிட்டார். அந்நகரத்துப் பழைய மாளிகைகளின் பூச்சிலும் சுற்றுப்புறத்திலும் கண்ட மங்கிய சாயல்களை ஒட்டித் தம் நிறங்களை அமைத்துக்கொண்டார். ஒரே நாளில் சுவர்களை முடித்துப் பழகியவர் இதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். ஆக, நம் இளைஞர் சுவரிலிருந்து எடுத்த ஐந்து நிறங்களும் ஓவியர் முன்பே ஊரிலிருந்து எடுத்தவை. எடுத்ததிலிருந்து மீண்டும் எடுத்தோம். இம்முறை ஊரை விட்டுவிட்டோம். வேறுபாடு இவ்வளவே, ஆனால் இது சிறிய வேறுபாடன்று.

பீசாவில் ஹேரிங் தம் வீரியத்தை இழந்தார், பழைமையான நகரத்திற்கு அஞ்சிப் பணிவான நிறங்களைப் பூசினார் என்று ஒருவர் குறை கூறலாம். இக்குறையை நாம் எளிதாக ஒதுக்க மாட்டோம். நாம் கண்ட படங்களில் அந்த நிறங்கள் இனிமையாகவே உள்ளன. இனிமை ஓவியத்திற்கு ஆபத்தாவதும் உண்டு. பார்சலோனாச் சிவப்பின் முன் நிற்கும்போது எழும் அதிர்ச்சி இங்கே எழுவதில்லை. எனினும் நம் தீர்ப்பு ஓவியருக்குச் சார்பானதே. அவர் நிறத்தைத் தணித்தார். கோட்டைத் தணிக்கவில்லை, கூட்டத்தைக் குறைக்கவில்லை. முப்பது உருவங்களும் தெருவின் அதே நெரிசலோடு மடத்தின் சுவரில் ஏறிக்கொண்டன. விருந்தினராய் வந்த வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசுபவர் தம் கருத்தையும் தாழ்த்திக்கொண்டார் என்று பொருளில்லை.

1990 பிப்ரவரி 16ஆம் நாள் ஹேரிங் இறந்தார். வயது 31. அதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் உருவாக்கிய கடைசிப் படைப்புகளுள் ஒன்று ‘கிறிஸ்துவின் வாழ்க்கை’ என்னும் மூன்று மடிப்புப் பீடப்படம். ஈரக் களிமண்ணில் கத்தியால் கோடுகளைக் கீறினார். அதை வெண்கலத்தில் வார்த்து வெண்பொன் ரேக்கு ஒட்டினார்கள். மேலே பல கரங்கள் சூழக் குழந்தையைத் தாங்கும் உருவம். அதற்கும் மேலே சிலுவை. கீழே கைகளை உயர்த்திய மக்கள் திரள். நடுவே விழும் துளிகள். அவை கண்ணீரா, குருதியா என்று நம்மால் பிரித்தறிய முடியவில்லை. அங்கே வண்ணமே இல்லை. தீட்டுவதற்கு நிறமும் நாளும் தீர்ந்துபோன பின்னும் கோடு நின்றது. சுரங்க நிலையத்தின் கருந்தாளில் வெண்கோட்டோடு தொடங்கியவர் அதே கோட்டோடு முடித்தார்.

இப்படைப்பிலும் ஒரு குறை உண்டு. தெருவில் போவோருக்கெல்லாம் காசின்றிக் கொடுத்தவரின் இறுதிச் செல்வம் விலையுயர்ந்த உலோகமாகி, ஒன்பது படிகளாக வார்க்கப்பட்டு, பெரும்பாலும் நகரச் சுவரை விட்டு உள்ளே போய்விட்டது. ஆயினும் ஒரு படி பாரிசில் புனித எஸ்தாக்கியார் ஆலயத்தில் இருக்கிறது. நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஆங்கிலிக்க மரபைச் சேர்ந்த பேராலயங்களில் இரு படிகள் உள்ளன. எய்ட்ஸால் மாண்டோரை நினைந்து வருவோர் அவற்றின் முன் மன்றாடுகின்றனர். அந்த அளவில் தெரு உள்ளேயும் வந்திருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம்.

நிறத்தைச் சுருக்கிக்கொள்வது திருச்சபைக்குப் புதிதன்று. பின்னாளில் மூன்றாம் இன்னொசென்ட் என்னும் பெயரில் திருத்தந்தையான கர்தினால் லொத்தாரியோ, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருப்பலி பற்றி எழுதிய நூலில் வெள்ளை, சிவப்பு, கருப்பு, பச்சை என்னும் நான்கு நிறங்களை முதன்மையாகக் குறித்தார். இன்றும் ஓர் ஆண்டு முழுவதையும் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறங்களில் நடத்துகிறோம். ஆனால் அவற்றை யாரும் அழகிய தொகுதி என்று தேர்ந்தெடுக்கவில்லை. ஊதாவைக் கண்டால் தவக்காலமும் திருவருகைக் காலமும், சிவப்பைக் கண்டால் மறைசாட்சியரின் குருதியும் தூய ஆவியாரின் தீயும் நினைவுக்கு வருகின்றன. நாள்களோடும் மக்களோடும் பிணைக்கப்பட்டிருப்பதால்தான் சில நிறங்களே அங்குப் போதுமானவையாகின்றன.

மீண்டும் கடலோரப் பங்குக்கு வருவோம். நம் மனச்சான்றையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பளிச்சென்ற நிறம் பாமரருடையது, மங்கிய நிறம் நாகரிகமானது என்று நாமும் பல காலம் எண்ணியிருக்கிறோம். அது நிறத்தைப் பற்றிய கருத்தன்று, மனிதரைப் பற்றிய கருத்து என்பது நமக்குத் தாமதமாகவே விளங்கிற்று. ஏழைகளின் சுவரைக் கண்டு கூசிய கண்ணே அயல்நாட்டுத் தெருச் சுவரின் படத்தைக் கண்டு வியக்கிறது.

அன்று கூட்டத்தில் நாம் கேட்டது ஒன்றுதான்: இந்த நீலம் ஆலயத்திற்கு எப்படி வந்தது? வெகுநேரம் பேசாதிருந்த முதியவர் ஒருவர் விடை சொன்னார். முகப்பு கட்டிய ஆண்டில் வண்ணம் வாங்கப் பணம் இல்லை. படகுக்குப் பூசியது போக மிஞ்சியதை ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு வீட்டில் நீலம், ஒரு வீட்டில் மஞ்சள். ரோசா மட்டும் விலைக்கு வாங்கியது. மாதாவுக்கென்று பெண்கள் காசு சேர்த்தார்கள். இதைக் கேட்ட பின் பேரவையில் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

சுவரிலிருந்து நிறம் தேடுவோருக்கு நாம் சொல்ல விரும்புவதும் இவ்வளவே. முதலில் படத்தைப் பார்க்காமல் சுவரைப் பாருங்கள்; காலையிலும் உச்சியிலும் மாலையிலும் பாருங்கள். கண்ணைச் சற்று இடுக்கிப் பார்த்தால் சிறு நிறங்கள் மறைந்து தாங்கும் நிறம் தெரியும். எது எவ்வளவு இடம் பிடிக்கிறது, எது எதை அடுத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோட்டை மறவாதீர்கள். அதன்பின் அந்த நிறங்கள் அங்கே யாருடைய கையால் வந்தன என்று கேளுங்கள். இத்தனையும் செய்த பின் ஐந்தை மூன்றாகச் சுருக்கினாலும் இழப்பில்லை.

ஆலயத்திற்கு எந்த வண்ணம் என்று அன்று முடிவாகவில்லை. மறுநாள் விடியலில் நாம் ஊர் திரும்பப் புறப்பட்டபோது அந்த இளைஞரைக் கடற்கரையில் கண்டோம். கரையேற்றிய படகுகளுக்கு நடுவே கைப்பேசியோடு நடந்துகொண்டிருந்தார். நீலமும் மஞ்சளும் எடுத்துவிட்டதாகச் சொன்னார். சிறிது தயங்கி, படகுகளின் பக்கத்தில் புனிதர்களின் பெயர்கள் எழுதியிருந்த கருப்பையும் காட்டினார்.